டாக்டரைத் தாயாக நடிக்கவைத்த கதை

பயிற்சிக்கு வருகிறவர்களின் பட்டியல் மூன்று நாள் முன்னதாகவே என் கைக்கு வந்துவிடும். தேனியில் நான் வேலை பார்க்கும் தொண்டு நிறுவனம் சின்னது. தேநீருக்குச் சொல்வது, நாற்காலி எண்ணுவது, பெயர் அட்டை எழுதுவது, பிறகு எழுந்து நின்று பாடம் நடத்துவது எல்லாம் நானேதான். அந்த முறை அட்டைகளை எழுதிக்கொண்டே வந்தவள் பதினோராவது பெயரில் பேனாவை நிறுத்தினேன். பெயருக்கு எதிரே இருந்த ஊரையும் பதவியையும் இரண்டு தடவை படித்தேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து அந்தப் பெயரை மற்ற பெயர்களைவிடப் பெரிதாக, குண்டு குண்டான எழுத்தில், அழகாக எழுதினேன்.

எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்தால் மற்றதையும் மறைக்க வேண்டிவரும். அந்த மனிதர் என் எதிரில் வந்து உட்காரும் நாளை ஒன்பது வருஷமாக விதவிதமாக நினைத்துப் பார்த்திருக்கிறேன். வெங்காயம் நறுக்கும்போது அவரோடு பேசியிருக்கிறேன். கம்பத்திலிருந்து தேனிக்கு வரும் பேருந்தில், உத்தமபாளையம் வருவதற்குள் அவரைப் பேச்சற்றுப் போகச் செய்து, சின்னமனூரில் மன்னிப்புக் கேட்கவைத்து, வீரபாண்டி தாண்டும்போது அந்த மன்னிப்பு எனக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

அவர் யாரென்று சொல்லிவிடுகிறேன்.

கம்பத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் என் வீட்டுக்காரருக்குத் திராட்சைத் தோட்டம். மதுரையில் சமூகப்பணி படித்து முடித்த கையோடு கல்யாணமாகி அங்கே வந்தேன். மறு வருஷமே மகள் பிறந்தாள். ஊரிலிருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் அவளுக்கு ஊசி போட்டோம். மூன்றரை மாதத்து ஊசி போட்ட அன்று மத்தியானத்திலிருந்து அழுதாள். சாதாரண அழுகை இல்லை, தொண்டை கிழிகிற மாதிரி ஒரே குரலில். தொடை கல்லாக வீங்கிவிட்டது. சாயங்காலம் திடீரென்று அழுகை நின்றது. அப்பாடா என்று குனிந்து பார்த்தால் பிள்ளை வெளிறித் துவண்டு கிடக்கிறாள். கூப்பிட்டால் கண் திரும்பவில்லை. என் வீட்டுக்காரர் தோட்டத்துக்கு மருந்தடித்த சட்டையைக்கூட மாற்றாமல் பைக்கை எடுத்தார். கம்பத்தில் தனியார் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் அவளாகவே விழித்து என் சேலையைப் பிடித்து இழுத்தாள். அரிதாகச் சில பிள்ளைகளுக்கு இப்படி வரும், தானே சரியாகிவிடும், பயப்பட ஒன்றுமில்லை என்று அங்கே சொன்னார்கள். நான் தலையை ஆட்டினேன். ஆனாலும் அந்தத் துவண்ட உடம்பின் கனம் பல நாள் என் கையை விட்டுப் போகவில்லை.

ஒன்பதாம் மாதம் தட்டம்மை ஊசி. ஒரு புதன்கிழமை தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு போனேன். போடமாட்டேன் என்று சொல்லப் போகவில்லை. போன தடவை இப்படி ஆயிற்றே, இந்த ஊசிக்கும் ஆகுமா, எதைக் கவனிக்க வேண்டும், எப்போது தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டும் என்று கேட்கப் போனேன். ஊசி அறையில் இருந்த செவிலியர் பக்கத்து அறையைக் காட்டினார். டாக்டர் அப்போது இளவயதுக்காரர், வெளி மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். அவர் மேசையிலிருந்து வாசலுக்கு வெளியே வரை வரிசை நின்றது. நான் இரண்டு வாக்கியம் பேசியிருப்பேன். அவர் தலையைத் தூக்கவில்லை.

“படிச்சிருக்கியா?”

“எம்.எஸ்.டபிள்யூ. சார்.”

“படிச்சு என்ன பிரயோஜனம்? செல்போன்ல எவனோ உளறுறதைக் கேட்டுட்டு வந்து என்கிட்ட வக்கீல் மாதிரி கேள்வி கேக்குற. உன்னை மாதிரிப் பொம்பளைங்களாலதான் பிள்ளைங்க சாகுது.”

“நான் கேக்கத்தான் சார் வந்தேன்.”

“போடுறியா, இல்லையா? போடலேன்னா எழுதிக் குடுத்துட்டுப் போ. பிள்ளை செத்தா நான் பொறுப்பில்லைன்னு எழுது.”

சொல்லிக்கொண்டே என் அட்டையை மேசையிலிருந்து தள்ளிவிட்டார். அது வழுக்கிக்கொண்டு போய் வரிசையில் நின்றவர்களின் காலடியில் விழுந்தது. இடுப்பில் பிள்ளையோடு மண்டி போட்டுத்தான் அதை எடுக்க முடிந்தது. வெளிநோயாளிச் சீட்டின் பின்பக்கத்தில் அவர் சொன்னபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். 'செத்தால்' என்ற சொல்லை என் கையால் எழுதினேன், அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே. வரிசையில் என் நாத்தனாரும் நின்றிருந்தாள். நான் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி தோட்டத்துக்குப் போய்விட்டது.

“அங்கன இனிமே போக வேணாம்,” என்றார் என் வீட்டுக்காரர். “கம்பத்துல தனியார்ல போட்டுக்குவம்.”

போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னதோடு சரி. திராட்சை வெட்டு வந்தது. அப்புறம் மழை வந்தது. ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் என்றோம். பதினான்காம் மாதத்தில் அவளுக்குத் தட்டம்மை வந்தது. உடம்பெல்லாம் சிவந்து, கண் திறக்க முடியாமல் கிடந்தாள். அது வடிந்த பிறகு வலது காதில் சீழ் வந்தது. மாதக்கணக்கில் வந்தது. கடைசியில் மதுரையில் சோதித்துப் பார்த்துவிட்டு, அந்தக் காதில் கேட்கும் திறன் பெரும்பாலும் போய்விட்டது என்றார்கள். இன்றைக்குப் பத்து வயது. வகுப்பில் எந்தப் பக்கம் உட்காருவது என்று அவளே பார்த்துக்கொள்வாள். தெருவில் என் இடது கைப்பக்கம் நடக்க மாட்டாள். அங்கே நடந்தால் கேட்காத காதுதான் என் பக்கம் இருக்கும்.

அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் நான் இந்த வேலைக்கு வந்தேன். ஊசிக்குத் தயங்கும் ஆட்களோடு எப்படிப் பேசுவது என்று டாக்டர்களுக்கும் செவிலியர்களுக்கும் சொல்லிக்கொடுப்பதுதான் வேலை. முதலில் கேளுங்கள். அவர்கள் முடிக்கும்வரை வாயைத் திறக்காதீர்கள். பயந்தவரைப் பார்த்துப் பயப்படாதே என்று சொல்லாதீர்கள், என்ன பயம் என்று கேளுங்கள். 'எனக்குத் தெரிந்ததைச் சொல்லட்டுமா' என்று அனுமதி கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். இன்றைக்குப் போடாவிட்டாலும் நாளைக்குத் திரும்பி வர வழிவிடுங்கள். சொல்லும்போது இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். வருஷக்கணக்காக நோயாளிகளை 'ம், அடுத்தது' என்று தள்ளிப் பழகியவர்கள் எழுந்து நடித்துக் காட்டும்போதுதான் எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

பயிற்சி நாளன்று அவர் சரியான நேரத்துக்கு வந்தார். முன்நெற்றி ஏறியிருந்தது, தொந்தி போட்டிருந்தது. இடையில் எங்கெங்கோ மாற்றலாகிப் போய், இப்போது வட்டார அளவில் பெரிய பொறுப்போடு எங்கள் பக்கமே திரும்பி வந்திருந்தார். என்னைப் பார்த்து “வணக்கம் மேடம்” என்றார். முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. பெயர் அட்டையைக் கொடுத்தேன். “உங்க கையெழுத்து நல்லா இருக்கு” என்று சொல்லிச் சட்டையில் குத்திக்கொண்டார். கூட்டத்தில் அவருக்குக் கீழே வேலை பார்க்கும் செவிலியர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர் எந்தப் பக்கம் உட்கார்ந்தாரோ அதற்கு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார்கள்.

நடிப்புப் பயிற்சிக்குச் சீட்டு எடுக்கச் சொல்வேன். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு தாயின் நிலைமை எழுதியிருக்கும். மற்றவர்களுக்கு டப்பாவை நீட்டினேன். அவருக்கு மட்டும், டப்பாவில் கை விட்டு எடுப்பது போல எடுத்து, விரலிடுக்கில் வைத்திருந்ததைக் கொடுத்தேன். 'போன ஊசிக்கு உன் பிள்ளை கை கால் துவண்டுவிட்டது. அடுத்த ஊசிக்கு வந்திருக்கிறாய். பயமாக இருக்கிறது. டாக்டரைக் கேட்க வேண்டும்.' டாக்டராக யார் நடிப்பது என்று கேட்டார். நானே நடிக்கிறேன் என்றேன்.

அவர் கைக்குட்டையை எடுத்துத் தோளில் முந்தானை மாதிரி போட்டுக்கொண்டார். குரலை மெலிதாக்கி, இடுப்பை ஒடித்து, “டாக்டரய்யா...” என்று இழுத்தார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தோதாகப் போயிற்று. கடைசி நேரத்தில் இரக்கம் வந்துவிடுமோ என்று ஒரு பயம் இருந்தது, அது விட்டுப்போனது.

நான் தலையைத் தூக்கவில்லை. எதையோ எழுதுவது போல எழுதிக்கொண்டிருந்தேன். அவர் சீட்டில் இருந்ததைச் சொன்னார். நன்றாகவே சொன்னார். “போன ஊசிக்குப் பிள்ளை துவண்டு போச்சுங்க. இந்த ஊசியைப் போட்டா என்ன ஆகுமோன்னு பயமா இருக்குங்க.”

“படிச்சிருக்கியா?”

“எட்டாவதுங்க டாக்டரய்யா.” மறுபடி சிரிப்பு.

“படிச்சு என்ன பிரயோஜனம்?” என்று ஆரம்பித்தேன். ஒரு சொல் மாறாமல், அவர் இழுத்த இடத்தில் இழுத்து, நிறுத்திய இடத்தில் நிறுத்திச் சொன்னேன். வக்கீல் வந்தார். செல்போன் வந்தது. 'உன்னை மாதிரிப் பொம்பளைங்களாலதான் பிள்ளைங்க சாகுது' என்று சொன்னபோது கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. அவருடைய மெலிந்த குரலும் போய்விட்டது. சொந்தக் குரலில், கொஞ்சம் திணறி, “நான் கேக்கத்தானே வந்தேன்,” என்றார்.

அது சீட்டில் இல்லை. நான் எழுதவில்லை. பயிற்சி நடத்துகிற யாராக இருந்தாலும் அந்த இடத்தில் நிறுத்தியிருப்பார்கள். அதற்கு மேல் அவருக்குக் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. நான் மேசையில் மாதிரிக்கு வைத்திருந்த தடுப்பூசி அட்டையை எடுத்துத் தள்ளிவிட்டேன். அது செவிலியர்கள் உட்கார்ந்திருந்த வரிசைக்கு அடியில் போய் விழுந்தது. அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு போய் ஒரு முட்டியை ஊன்றி, அவர்கள் கால்களுக்கு நடுவில் கையை விட்டு எடுத்தார்.

“எழுதிக் குடுத்துட்டுப் போ. பிள்ளை செத்தா நான் பொறுப்பில்லைன்னு எழுது.”

பேனாவை நீட்டினேன். எழுதினார்.

நடித்து முடித்தவரை அந்த வேஷத்திலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும். அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, எப்படி இருந்தது என்று கேட்டு, எல்லாரையும் கைதட்டச் சொல்ல வேண்டும். நான் சொல்லிக்கொடுக்கும் பாடத்தில் அது முக்கியமான இடம். அன்றைக்கு அதைச் செய்யவில்லை. “டீ வந்திருக்கும், போய்க் குடிங்க” என்றேன்.

வெளியே காற்று புழுதியை அள்ளிக்கொண்டு போனது. தேநீர்க் கோப்பையோடு நின்ற என் பக்கத்தில் வீரபாண்டியிலிருந்து வரும் செவிலியர் ஒருவர் வந்தார். என்னைவிட இளையவர்.

“அக்கா, என்னையத் தெரியலையா? அன்னைக்கு ஊசி ரூம்புல இருந்தவ நாந்தான். டாக்டரக் கேளுங்கன்னு உங்கள அனுப்பிவிட்டதே நாந்தான். நீங்க 'படிச்சு என்ன பிரயோஜனம்'னு ஆரம்பிச்ச ஒடனே கண்டுக்கிட்டேன்.”

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“சாரு எங்களையும் அப்படித்தான் பேசுவாக. இன்னைக்குத்தான் வயிறு குளுந்துச்சு.” குரலைத் தாழ்த்தினார். “போன்ல எடுத்திருக்கேன்.”

கைபேசியில் யாரும் படமெடுக்கக் கூடாது என்று காலையில் நானே சொல்லியிருந்தேன். நடிப்பின் நடுவில் ஒரு கை தூக்கியதையும் பார்த்தேன். தடுக்கவில்லை. இப்போது அவரிடம், “எனக்கும் அனுப்புங்க,” என்றேன்.

மத்தியானம் இரண்டாவது பயிற்சியில் டாக்டர் டாக்டராகவே நடித்தார். மெதுவாகப் பேசினார். எதிரில் இருந்தவர் முடிக்கும்வரை காத்திருந்தார். 'சொல்லட்டுமா' என்று கேட்டார். நடுத்தரமான மதிப்பெண்ணுக்குத் தகுதியானவர்தான். நான் ஆகக் குறைந்ததைப் போட்டு, கீழே 'மறுபயிற்சி தேவை' என்று எழுதினேன். ஊருக்குத் திரும்பும் பேருந்தில் அந்தப் படத்தை ஐந்து முறை பார்த்தேன். அவர் முட்டி போடும் இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

பத்து நாள் கழித்து, காலை நேரத்தில், அந்தச் செவிலியர் அழுதுகொண்டே கூப்பிட்டார். தோழிகள் இரண்டு பேருக்குத்தான் அனுப்பினாராம். அவர்கள் யாருக்கு அனுப்பினார்களோ, எவரோ அதை வெட்டிச் சின்னதாக்கிவிட்டார்கள். அந்தத் துண்டில் நான் இல்லை. என் குரலும் இல்லை. டாக்டர் மட்டும் நின்றுகொண்டு, “போன ஊசிக்குப் பிள்ளை துவண்டு போச்சுங்க. இந்த ஊசியைப் போட்டா என்ன ஆகுமோன்னு பயமா இருக்குங்க,” என்கிறார். தோளில் கிடக்கும் கைக்குட்டை படத்தில் சரியாகத் தெரியாது. சட்டையில் குத்திய பெயரும் அதற்கு முன்னால் 'டாக்டர்' என்பதும் நன்றாகத் தெரிந்தன. அவ்வளவு பெரிதாக நான் எழுதியிருந்தேன். மேலே 'டாக்டரே சொல்லுறாரு கேளுங்க' என்று போட்டிருந்தார்கள். கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க அது சுற்றிக்கொண்டிருந்தது.

முதலில் எனக்குத் தோன்றியது, அவருக்கு நன்றாகக் கெட்ட பெயர் கிடைத்தது என்பதுதான். அதற்கப்புறம்தான் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். இதை முன்பின்னாக மாற்றிச் சொல்ல எனக்கு மனமில்லை.

“ஏலத்தோட்டத்துக்கு ஜீப்புல போற ஆளுக இருக்குற தெரு இருக்குல்லக்கா,” என்றார் செவிலியர். “நேத்து புதன்கிழமை ஊசிக்கு அந்தத் தெருவுல இருந்து ஒரு பிள்ளைகூட வரல. போய்க் கேட்டா போனைத் தூக்கிக் காட்டுறாக.”

அன்று மத்தியானமே டாக்டர் கூப்பிட்டார். கோபமாகப் பேசுவார் என்று நினைத்துத் தயாராக இருந்தேன்.

“யார் எடுத்ததுன்னு உங்களுக்குத் தெரியுமா மேடம்?”

“எடுக்க விட்டது நான்தான் சார்.”

“சரி. அந்தத் தெருவுக்குப் போகணும். நீங்களும் வரணும்,” என்றார்.

மறுநாள் நாலு மணிக்குத் துறையின் ஜீப்பில் போனோம். முன்னால் ஓட்டுநரும் செவிலியரும். பின்னால் அவரும் நானும். ஜீப் வாழைத் தோப்புகளுக்கு நடுவில் போகும்போது நான் சொன்னேன். பேருந்தில் ஒத்திகை பார்த்த எதுவும் வாயில் வரவில்லை. ஊர்ப் பெயரைச் சொன்னேன், புதன்கிழமை என்றேன், அட்டை என்றேன், காது என்றேன். கேட்டுக்கொண்டிருந்தார்.

“எனக்கு ஞாபகம் இல்ல மேடம்,” என்றார். “நிஜமா. அன்னைக்கு எத்தனை பேர் வந்திருப்பாங்க. நான் அந்த மாதிரி எத்தனை பேரைப் பேசியிருப்பேன்.”

எத்தனையோ வருஷம் நான் சுமந்துகொண்டு திரிந்தது அவரிடம் ஒரு கீறலாகக்கூட இல்லை. அதைவிடப் பெரிய அவமானம் இருக்க முடியாது என்று நினைத்தேன். அடுத்ததை அவர் சாதாரணமாகக் கேட்டார், ஒரு நோயாளியின் விவரம் கேட்பது போல.

“ஒன்பதாம் மாசம் வந்தீங்க. பதினாலாம் மாசம் தட்டம்மை. நடுவுல அஞ்சு மாசம் இருக்கே. வேற எங்கயாவது போட்டிருக்கலாமே மேடம்?”

முன்னால் இருந்த செவிலியர் திரும்பாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பம் எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் இருபது நிமிஷம். அந்த ஐந்து மாதத்தில் சேலை எடுக்கப் போயிருக்கிறேன், சினிமாவுக்குப் போயிருக்கிறேன். இதை என் வீட்டுக்காரர் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் அவரைக் கேட்டதில்லை. ஒன்பது வருஷமாக நாங்கள் இரண்டு பேரும் அந்த டாக்டரைத் திட்டியே இந்தக் கேள்வியை வீட்டுக்குள் விடாமல் வைத்திருந்தோம். அவர் கேட்டது நியாயம். கேட்டதற்காக அவரை ஜீப்பிலிருந்து தள்ளிவிடலாம் போலிருந்தது.

“வரிசையில அத்தனை பேர் முன்னாடி அட்டையைப் பொறுக்குனவளுக்கு இன்னொரு ஆஸ்பத்திரி வாசல்ல ஏறக் கால் வராது சார்,” என்றேன். அது முழு உண்மை இல்லை. பாதி.

தெருவில் ஜீப்புகள் மலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தன. பெண்கள் ஏலக்காய் வாசத்தோடு இறங்கி, பிள்ளைகளை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். எங்களைப் பார்த்ததும் ஏழெட்டுப் பேர் குழாயடியில் கூடினார்கள். கைக்குழந்தை வைத்திருந்த ஒருத்தி கைபேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“இது நீங்கதான சார்?”

“ஆமாம்மா. நான்தான்.”

“அப்ப இதுல பயமா இருக்குன்னு நீங்கதான சொல்லுறீக. இப்ப வந்து போடு போடுன்னா எப்படிப் போட?”

பழைய ஆளாக இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அந்தச் சொல் வரட்டும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் எனக்குச் சந்தோஷமாகவே இருந்திருக்கும். அவர் குழாயடித் திண்டில் உட்கார்ந்தார். அவள் நின்றாள், அவர் உட்கார்ந்திருந்தார்.

“அது பயிற்சிம்மா. ஒரு அம்மா மாதிரி என்னை நடிக்கச் சொன்னாங்க.”

“எந்த அம்மா மாதிரி?”

“அதைச் சொல்லட்டுமா?” என்று கேட்டார். அவளிடம் கேட்டார், என்னிடம் கேட்கவில்லை. அவள் தலையை ஆட்டினாள்.

“இவங்க மாதிரி,” என்று என்னைக் காட்டினார். “இவங்க ஒருநாள் பிள்ளையைத் தூக்கிட்டு வந்து என்கிட்ட இதே கேள்வியைக் கேட்டாங்க. நியாயமான கேள்வி. நான் பதில் சொல்லாம கத்துனேன். அட்டையைத் தூக்கிப் போட்டேன். இவங்க ஊசி போடாம போயிட்டாங்க. பிள்ளைக்குத் தட்டம்மை வந்துச்சு. இப்ப அந்தப் பிள்ளைக்கு ஒரு காது கேக்காது. தப்பு என் மேலதான். அன்னைக்குச் சொல்லாத பதிலை இப்ப உங்ககிட்டச் சொல்றேன், கேளுங்க.”

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். வயதில் மூத்த ஒரு பெண் கேட்டாள்.

“நெசமா ஆத்தா?”

“நெசந்தான்,” என்றேன்.

அப்புறம் அவர் சொன்னார். ஊசி போட்டால் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும், உடம்பில் லேசாகப் பொரியும், தானாகப் போய்விடும். எது வந்தால் காத்திருக்கலாம், எது வந்தால் உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தன் கைபேசி எண்ணைக் கொடுத்தார். காலையில் ஜீப் ஏறிவிடுகிறோம், பத்து மணிக்கு எப்படி வருவது என்று அவர்கள் கேட்டதற்கு, புதன்கிழமை சாயங்காலம் இங்கேயே வந்து போடுகிறோம் என்றார். நான் சொல்லிக்கொடுத்த எல்லாம் அதில் இருந்தன. இத்தனை நல்ல மாணவர் என் வகுப்பில் குறைவு.

என் உடம்பு எரிந்தது. தப்பு என்மேல் என்று அவர் ஏழெட்டுப் பேர் முன்னால் சொல்லிவிட்டார். பேருந்தில் நான் அவரைச் சொல்லவைத்த அதே வாசகம். ஆனால் எனக்குத் தரவேண்டியதை முன்பின் தெரியாத பெண்களுக்குக் கொடுத்தார். என் மகளின் காதைக் கொண்டுபோய்த் தன் வேலையை முடித்துக்கொண்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் செவிலியர் கூப்பிட்டார். “அக்கா, பூராப் பேரும் போட்டுட்டாக. போனைக் காட்டுச்சுல்ல, அந்தப் பிள்ளதான் மொத ஆளா வந்துச்சு.”

நல்லது என்று சொன்னேன். நல்லதுதான்.

இரண்டு நாள் கழித்து டாக்டர் கூப்பிட்டார். பக்கத்தில் இன்னும் சில ஊர்களில் அந்தப் படம் சுற்றுகிறது என்றார். “உங்க கதையை அங்கயும் சொல்லலாமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன் மேடம். அன்னைக்கு உங்களைக் கேட்காம சொன்னது தப்பு.”

அனுமதி கேட்கிறார். நான் சொல்லிக்கொடுத்தபடியே.

“சொல்லக் கூடாது,” என்றேன்.

“சரிங்க மேடம்.”

வாதாடவில்லை. பிள்ளைகளின் நன்மைக்குத்தானே என்று ஒரு சொல் சொல்லியிருந்தால்கூட அவரைக் கிழித்திருப்பேன். போனை வைத்த பிறகு, அந்த 'கூடாது' என்ற சொல்லின் ருசியோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்த ஊர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

சனிக்கிழமை மகளிடம் கேட்டேன். தலை பின்னிக்கொண்டிருந்தேன். கேட்கும் காதுப் பக்கம் குனிந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். காது எப்படிப் போனது என்று அவளுக்கு முன்பே தெரியும். டாக்டர் கதை தெரியாது. அந்த ஐந்து மாதக் கதையும் தெரியாது. அதையும் சொன்னேன். அவள் ரிப்பனின் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“நீயும் அப்பாவும் மறந்துட்டீகளா?” என்று கேட்டாள்.

“மறக்கல. தள்ளிப் போட்டோம்.”

“ம்.”

“இத மத்த ஊர்ல போய்ச் சொல்லட்டுமா? பிள்ளைகளுக்கு ஊசி போடுறதுக்காக.”

“சொல்லு. எம் பேரச் சொல்லாத.” ரிப்பனை விட்டுவிட்டு, “அந்த டாக்டரும் வருவாரா?” என்றாள்.

“வருவாரு.”

“அப்ப அவரு நிக்கும்போதே சொல்லு.”

மறுபடி அவரைக் கூப்பிட்டு, கதையை நான் சொல்கிறேன், நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும், நடுவில் பேசக் கூடாது, கடைசியில் மருத்துவம் மட்டும் சொன்னால் போதும் என்றேன். ஒப்புக்கொண்டார்.

நாலு ஊர்களுக்குப் போனோம். ஒவ்வொரு ஊரிலும் அவர் நின்றார், நான் சொன்னேன். தள்ளிப் போட்டது நாங்கள் என்பதையும் சொன்னேன், அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல இப்போது வாய் வருவதில்லை. ஆனால் அவர் பங்கில் ஒரு சொல் குறைக்கவில்லை. வக்கீல், செல்போன், காலடியில் விழுந்த அட்டை, நான் எழுதிக்கொடுத்த அந்தச் சொல். முதல் ஊரில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாவது ஊரில் வியர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பெண்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள், அவர் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு பிள்ளையைப் பார்ப்பார்கள். சிலர் அன்றே ஊசி போட்டார்கள். சிலர் வீட்டில் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். அவர்களிடம் அவர், “கேட்டுட்டு எப்ப வேணும்னாலும் வாங்க,” என்றார். மதிப்பெண் தாளில் நான் எழுதியதை மாற்றவில்லை. அடுத்த பயிற்சியின் பட்டியலிலும் அவர் பெயர் இருக்கிறது.

மூன்றாவது ஊரில் அவர் தலையை நிமிர்த்திக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, கொஞ்சம் சகஜமாக நிற்பதைக் கவனித்தேன். பழகிவிட்டது போலிருக்கிறது. அன்றைக்கு அட்டை விழுந்த இடத்தை நான் இன்னும் மெதுவாகச் சொன்னேன்.